ஊருக்கு ஒருத்தி

கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் பொங்கல் விழாவுக்குப் போனால், புதிதாக யாரைச் சந்தித்தாலும் முதல் கேள்வி ஊரைப் பற்றித்தான் இருக்கும். மதுரையா, திருச்சியா, சென்னை என்றால் சென்னையில் எங்கே. இலங்கைக்காரர் என்றால் யாழ்ப்பாணமா, மட்டக்களப்பா. நான் அக்கா என்று கூப்பிடுகிறவரிடமும் கேட்பார்கள். அவர் கொஞ்சமும் யோசிக்காமல் ஒரு ஜெர்மன் பெயரைச் சொல்வார். பாதிப் பெயர் தொண்டையிலிருந்து வரும். கேட்டவர் தன் காதில்தான் கோளாறு என்று நினைத்து மறுபடி கேட்பார்.

"ஜெர்மனியில ஒரு சின்னக் கிராமம். எங்களோட சேர்த்து நானூற்றிப் பன்னிரண்டு சனம். அதுதான் என்ர ஊர்," என்பார் அக்கா.

பிறந்தது பருத்தித்துறைப் பக்கம் என்பதை என்னிடமே இரண்டு வருடம் கழித்துத்தான் சொன்னார். அதுவும் ஏதோ படிவம் நிரப்பும்போது. அவர் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. நல்லபடியாக இருக்கிறார், இதைப் படிக்கவும் கூடும்.

நான் 2001-இல் கல்யாணமாகி வந்தவள். கணவருக்கு சான் ஹோசேயில் சாஃப்ட்வேர் வேலை. எனக்கு அவரைச் சார்ந்து வந்த விசா; அதில் வேலை பார்க்கக் கூடாது. மகளுக்கு இரண்டரை வயதானபோது, நாலு வார்த்தை இங்கிலீஷ் பழகட்டும் என்று வாரத்தில் மூன்று காலைப்பொழுது பக்கத்தில் இருந்த ஒரு டேகேரில் விட்டேன். முதல் நாள் அவள் என் துப்பட்டாவை விடவே இல்லை. "அம்மா போகாத, அம்மா போகாத" என்று ஒரே கத்தல். இங்கிலீஷ் பேசிய இரண்டு டீச்சர்கள் பொம்மையைக் காட்டிப் பார்த்துவிட்டுக் கைவிட்டார்கள். அப்போது உள்ளேயிருந்து பழுப்பு நிற ஸ்வெட்டர் போட்ட, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்தார். கையில் நீல ரிப்பன். அதைத் தரையில் நீளமாகப் போட்டார்.

"அம்மா எங்கயும் போகேல்ல, குஞ்சு. வாரும், நாங்கள் ஆத்தைக் கடப்பம்," என்றார்.

தமிழைக் கேட்டதும் மகள் அழுகையை நிறுத்தினாள். ரிப்பனைத் தாண்டி ஒரு குதி குதித்தாள். நான் நழுவி வெளியே வந்து காரில் உட்கார்ந்து அழுதேன்.

அந்த ரிப்பன்தான் அவர் ஊர் ஆறு. குழந்தைகளின் மரக்கட்டைகளை வைத்து அந்தக் கிராமத்தை அவர் கட்டாத வாரம் கிடையாது. நான் கூட்டிப்போக வரும் நேரத்தில் பெரும்பாலும் அது தரையில் இருக்கும். "இது ஆறு. பெரிய ஆறில்லை, தாண்டலாம். இஞ்சால கீழூர், அங்கால மேலூர். மேலூர்ச் சனத்துக்குக் கொஞ்சம் பெருமை, வெள்ளம் வந்தால் கீழூர்தானே நனையும்!" மூன்று பக்கமும் மலை. குளிர்காலத்தில் சூரியன் மலைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கப் பத்து மணியாகும், மூன்று மணிக்கே மறைந்துவிடும். கூரைகளெல்லாம் கறுப்புக் கல் ஓடு, மழை பெய்தால் மீன் முதுகு மாதிரி மினுங்கும். காலையில் ஒரு பஸ், மாலையில் ஒரு பஸ். ஊருக்கென்று சொந்தமாக ஒரு காடு, அதிலிருந்து வீட்டுக்கு இவ்வளவு விறகு என்று பங்கு. ஊர் முழுக்க ஐந்தே ஐந்து குடும்பப் பெயர்கள். அதனால் பெயரைச் சொன்னால் யாரென்று தெரியாது. ஆட்டுக்காரன் வீடு, வளைவு வீடு, மணிக்காரன் வீடு என்று வீட்டுப் பெயரைத்தான் சொல்ல வேண்டும்.

வரலாறும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். எப்போதோ ஒரு தீயில் தேவாலயமும் ஏழு வீடுகளும் தவிர ஊரே எரிந்துபோனதாம். அன்றிலிருந்து வீட்டுக்கு ஓர் ஆண் தீயணைப்புப் படையில் சேருவது வழக்கம். சம்பளம் கிடையாது. அக்காவின் கணவரையும் சேர்த்துக்கொண்டார்கள், அவர் அளவுக்கு ஹெல்மெட் இல்லாமல் உள்ளே துணி வைத்துத் தைத்துக் கொடுத்தார்களாம். பாலத்தடியில் ஒரு வீடு மட்டும் பூட்டியே கிடந்தது. உலகப் போருக்கு முன்னால் துணிக்கடை வைத்திருந்த யூதக் குடும்பத்தின் வீடு. "அவையைப் பற்றிக் கேட்டால் 'போயிட்டினம்' எண்டுதான் சொல்லுவினம். அதுக்கு மேல ஒருத்தரும் கதைக்க மாட்டினம்," என்று ஒருமுறை சொன்னார். சொல்லிவிட்டுச் சட்டென்று தேவாலயத்துக்குக் கோபுரம் வைக்கப் போய்விட்டார்.

எண்பதுகளின் நடுவில் அகதியாக அங்கே அனுப்பப்பட்டவர்கள் அவர்கள். கணவர், அக்கா, இரண்டு குழந்தைகள். பழைய பள்ளிக்கூடத்தின் கீழ்த்தளத்தில் இடம் கொடுத்தார்கள். ஊருக்குப் பொதுவாக ஒரு ரொட்டி அடுப்பு உண்டு. சனிக்கிழமை அதைச் சூடாக்குவார்கள், எந்த வீட்டுக்கு எந்த நேரம் என்று சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள். முதல் குளிர்காலத்திலேயே அக்காவின் பெயரையும் அதில் சேர்த்துவிட்டார்கள்.

"என்ர பேரை எழுதித் தொப்பிக்குள்ள போட்டவை, தங்கச்சி. அவையின்ர எழுத்தில, பிழையா. நான் அந்தத் துண்டை இன்னும் வச்சிருக்கிறன்."

ஒரு முறை இவர்களைத் திருப்பி அனுப்பச் சொல்லி உத்தரவு வந்தபோது, மேலூர், கீழூர் என்று பாராமல் எல்லா வீட்டிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்களாம். பாதிரியாரும் ஊர்த் தலைவரும் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நகரத்துக்குப் போனார்கள். உத்தரவு நின்றது. தேவாலயத் திருவிழாவில் அக்காவைப் பூ அலங்கரித்த வண்டியில் முன்னால் உட்காரவைத்தார்கள். பக்கத்து ஊர்ப் பத்திரிகையில் படம் வந்தது. சேலை கட்டி, தலையில் கோதுமைக் கதிர் வளையத்தோடு சிரிக்கும் ஓர் இளம்பெண். அதை எனக்கு எத்தனை முறை காட்டியிருப்பார் என்று கணக்கில்லை.

"ஊருக்கு ஒரே கறுப்புப் பொம்பிளை நான். ராணி மாதிரி வச்சிருந்தவை."

அக்கா கணவரின் அண்ணன் கலிஃபோர்னியாவிலிருந்து குடியேற்றத்துக்கு எழுதிப் போட்ட மனு பல வருடம் கழித்துப் பலித்தபோது, அக்காவுக்குக் கிளம்ப மனமில்லை. கணவர் பிடிவாதம் பிடித்தார். வந்து பார்த்தால் ஃப்ரீமான்ட்டின் மௌரி அவென்யூவில் நடக்கிறவர்களில் பாதிப்பேர் நம்மைப் போல இருக்கிறார்கள். "இஞ்ச என்னை ஒருத்தரும் திரும்பிப் பாக்கிறேல்ல," என்று முதல் முறை அவர் சொன்னபோது நான் அதை நிம்மதி என்று புரிந்துகொண்டேன்.

அவர் என்னை 'நீர்' என்பார். எங்கள் மதுரைப் பக்கம் அப்படி யாரும் பேசுவதில்லை. முதலில் கூச்சமாக இருந்தது, பிறகு அந்த ஒரு சொல்லுக்காகவே அவரோடு பேசப் பிடித்தது. நாங்கள் சந்தித்த அடுத்த வருடம் பிப்ரவரியில் என் அப்பா இறந்துபோனார். விசா நீட்டிப்பு நடுவில் கிடந்தது. கிளம்பிப் போனால் திரும்பிவர எத்தனை மாதமாகுமோ தெரியாது என்றார் வக்கீல். நான் போகவில்லை. சேதி வந்த அன்று காலை பத்து மணிக்கு அக்கா இரண்டு பஸ் மாறி வந்தார். மூன்று நாள் லீவு போட்டிருந்தார். கஞ்சி வைத்தார், மகளைக் குளிப்பாட்டினார், போன் எடுத்தார், வந்தவர்களுக்குப் பதில் சொன்னார். நான் அழுதால் பக்கத்தில் வந்து உட்காருவார், நிறுத்தினால் எழுந்து பாத்திரம் கழுவப் போவார். அந்த மூன்று நாளும் தன் கிராமத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அவரைப் பொறுத்தவரை அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும்.

அவரிடம் சில விசித்திரங்கள் உண்டு. நான் சிரித்துக்கொண்டே கணவரிடம் சொல்வேன். ஆளுக்கொரு பண்டம் கொண்டுவரும் ஒரு பாட்லக் விருந்துக்குத் தன் ஊர்ப் பாணியில் ரொட்டி சுட்டு, உள்ளே உருளைக்கிழங்குக் கறி வைத்து எடுத்து வந்தார். எல்லோரும் ஆச்சரியப்பட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, புதிதாக வந்த இன்னொரு யாழ்ப்பாணத்து அம்மா, "என்ர தங்கச்சியும் ஜெர்மனியிலதான், அவையும் இப்பிடித்தான் செய்யுறவை," என்றார். அக்காவின் முகம் மூடிக்கொண்டது. தலைவலி என்று கிளம்பினார். மிச்சமிருந்த ரொட்டியைத் தட்டோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த அம்மா வரும் எந்த விருந்துக்கும் அதன் பிறகு அக்கா வரவில்லை.

இன்னொரு தடவை, டேகேரில் இரண்டு வாரம் மாற்று ஆளாகக் கோயம்புத்தூர்ப் பெண் ஒருத்தி வந்தாள். நன்றாகப் பாடுவாள். என் மகள் வீட்டுக்கு வந்து அவள் பாட்டையே பாடினாள். நிரந்தரமாக எடுத்துக்கொள்ளப் போகிறார்கள் என்று பேச்சு இருந்தது. திடீரென்று அவள் இல்லை. "அவவுக்குப் பிள்ளையளோட ஒத்துவரேல்ல," என்றார் அக்கா. நான் அதை அப்படியே நம்பினேன். நம்பாமலிருக்க என்ன காரணம் இருந்தது?

என்னைப் படிக்கச் சொன்னதும் அவர்தான். "வீட்டுக்குள்ள இருந்து என்ன செய்யப்போறீர்? கம்யூனிட்டி காலேஜில குழந்தைக் கல்வி படியும். நாளைக்கு வேலை செய்ய விட்டினம் எண்டால் கையில ஒரு சான்றிதழ் இருக்கும்." விண்ணப்பத்தை அவரே வாங்கிவந்து கொடுத்தார். டேகேரில் வேலை பார்க்கத் தேவையான பாடங்களை மூன்று செமஸ்டரில் முடித்தேன். பயிற்சிக்கு அவர் வகுப்பிலேயே உட்கார்ந்தேன். கடிக்கிற குழந்தையை எப்படிப் பிடிப்பது, தூங்காத குழந்தையின் முதுகில் எந்த இடத்தில் தட்டுவது, எல்லாம் அவர் சொல்லிக் கொடுத்தது. இன்றும் என் கை அப்படித்தான் தட்டுகிறது.

2006 கோடையில் அந்தக் கிராமத்திலிருந்து ஒரு கிழவி வந்தார். பள்ளிக்கூட வாத்தியாரின் மனைவி. அக்காவுக்கு ஜெர்மன் சொல்லிக் கொடுத்தவர். மகன் சான் ஹோசேயில் எஞ்சினியர், அவனைப் பார்க்க வந்திருந்தார். அக்காவுக்கு ஃப்ரீவேயில் கார் ஓட்டப் பயம். நான் கூட்டிப்போனேன். தோட்டத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். இருவரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். பிறகு அந்த அம்மா எனக்காக மெதுவாக இங்கிலீஷில் பேச ஆரம்பித்தார். ரொட்டி அடுப்பு இடிந்துவிட்டது, கடையை மூடிவிட்டார்கள், பஸ் ஒரு நேரம்தான் வருகிறது, இளைஞர்கள் நகரத்துக்குப் போய்விட்டார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அக்கா கதை கேட்கிற குழந்தை மாதிரி வாயைத் திறந்துகொண்டு கேட்டார்.

நடுவில் அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "இன்னொரு தமிழ்க் குடும்பமும் வந்ததே, சொல்லியிருக்கிறாளா? இளம் வயதுத் தாய், இரண்டு பெண் குழந்தைகள். மேல் அறைக்கு வெள்ளையடித்து வைத்தோம். என் கணவர் இரண்டு குட்டிக் கட்டில் செய்தார். ஆனால் அவர்களுக்கு நகரத்தில் உறவினர்களோடு இருக்கத்தான் விருப்பம் என்று இவள் சொன்னாள். என்ன செய்வது, அனுப்பிவைத்தோம். எங்களுக்கு வருத்தம்தான்." பிறகு அக்காவிடம், "அவர்கள் நன்றாக இருக்கிறார்களா?" என்று கேட்டார்.

அக்கா ஜெர்மனில் வேகமாக ஏதோ சொன்னார். கிழவி தலையசைத்துச் சிரித்தார்.

"நல்லா இருக்கினம் எண்டு சொன்னனான்," என்றார் அக்கா என்னிடம்.

"அவங்களோட இன்னும் பேசிட்டு இருக்கீங்களாக்கா?"

"ஓம், எப்பவாவது."

அன்று எனக்குச் சந்தேகமாக ஒன்றும் தோன்றவில்லை. இத்தனை நாளில் அந்தக் குடும்பத்தைப் பற்றி ஏன் ஒருமுறைகூடச் சொல்லவில்லை என்று காரில் கேட்கலாமா என்று நினைத்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். விட்டுவிட்டேன்.

அடுத்த வருடம் கிரீன் கார்டுக்கு அப்ளை பண்ணினோம், எனக்கு வேலை அனுமதி அட்டை கிடைத்தது. ஆறு வருடம் வீட்டில் இருந்தவள். அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அக்காவுக்குத்தான் முதலில் போன் செய்தேன். "கெட்டிக்காரி," என்றார். அவர்கள் டேகேரிலேயே ஓர் இடம் காலியாக இருந்தது. டைரக்டருக்கு என்னை நன்றாகத் தெரியும், குஜராத்திப் பெண்மணி, நான் பயிற்சியில் இருந்தபோது இரண்டு முறை பாராட்டியிருக்கிறார். நேர்காணல் நன்றாக நடந்தது. பத்து நாள் கழித்து, இப்போதைக்கு இடமில்லை என்று இரண்டு வரிக் கடிதம் வந்தது. அதே வாரம் வேறு ஒருத்தியை எடுத்தார்கள்.

நான் நொந்துபோனேன். என் இங்கிலீஷ்தான் காரணம் என்று நினைத்தேன். அக்கா வீட்டுக்கு வந்து தேற்றினார். "அவைக்குக் குடுத்து வைக்கேல்ல. வேற இடம் பாரும், இதைவிட நல்ல இடமாக் கிடைக்கும்," என்றார். என் தலையைத் தடவிக்கூடக் கொடுத்தார்.

இரண்டு மாதம் கழித்து மௌரி அவென்யூ மளிகைக்கடையில் காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது அந்த டைரக்டரைப் பார்த்தேன். அவர் ஆச்சரியத்தோடு நின்றார்.

"நீ இன்னும் இங்கதான் இருக்கியா? டெக்ஸஸ் போயிடலையா?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

"டெக்ஸஸா?"

"உன் கணவருக்கு அங்க சொந்தக்காரங்க இருக்காங்க, அங்க போகத்தான் உங்களுக்கு விருப்பம், சும்மா அனுபவத்துக்காகத்தான் நீ அப்ளை பண்ணியிருக்கேன்னு உங்க அக்கா சொன்னாங்களே. நீயே சொல்லத் தயங்கினியாம். எனக்கு ரொம்ப ஏமாத்தமாப் போச்சு. உன்னைத்தான் எடுக்கிறதா இருந்தேன்."

என் மைத்துனர் டெக்ஸஸில், காப்பெல் என்ற ஊரில் இருப்பது உண்மை. அங்கே வீடு மலிவு, வந்துவிடுங்கள் என்று அவர் கூப்பிட்டதும், எங்களுக்கு அதில் விருப்பமே இல்லை என்பதும் அக்காவிடம் நான் சொன்னதுதான். கூடையைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தேன். சாவியைப் போட்டுக் காரைக் கிளப்பக் கை வரவில்லை. சொந்தக்காரர்களோடு இருக்கத்தான் விருப்பம். இதே வாக்கியத்தைத்தான் அந்தக் கிழவி தோட்டத்தில் உட்கார்ந்து சொன்னார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஏரிக்கரைப் பூங்காவுக்கு வரச்சொன்னேன். மகள் ஊஞ்சலில் ஆடிக்கொண்டிருந்தாள். அவர் வழக்கம்போல மகளுக்கு ஏதோ பிஸ்கட் எடுத்து வந்திருந்தார்.

"அக்கா, நாங்க டெக்ஸஸ் போறதா டைரக்டர்கிட்ட சொன்னீங்களா?"

அவர் மறுக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தார். ஸ்வெட்டரின் கீழ்ப் பொத்தானைப் போட்டார், கழற்றினார்.

"சொன்னனான்."

"ஏங்க்கா? நீங்கதானே படிக்கச் சொன்னீங்க? ஃபாரம்கூட நீங்கதானே வாங்கிக் குடுத்தீங்க?"

"நீர் படிக்கிறது எனக்குச் சந்தோசம். எனக்குப் பக்கத்தில வந்து நிப்பீர் எண்டு நான் யோசிக்கேல்ல."

"அந்தக் கோயம்புத்தூர்ப் பொண்ணு?"

அவர் மறுபடி அந்தப் பொத்தானைப் போட்டார்.

"அந்த ஜெர்மன்காரம்மா சொன்ன குடும்பம்?"

அப்போதுதான் அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, யாரோ கேட்டுக்கொண்டிருப்பது போலத் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"நாங்கள் அங்க போய் நாலு வருசத்துக்குப் பிறகு வந்தவை. அவவுக்கு இருபத்திநாலு, இருபத்தைஞ்சு வயசிருக்கும். வடிவான பிள்ளை. ரெண்டு குட்டியும் தாயை மாதிரியே. மூண்டு நாள் எங்களோடதான் தங்கினவை. ஊர்ச் சனம் முழுக்க வந்து பாத்தது. பாத்திட்டு, அவவையும் திருவிழா வண்டியில ஏத்துவம் எண்டிச்சினம். பிறகு தலைவர் என்னைக் கூப்பிட்டு, இவைக்கு இஞ்ச இருக்க விருப்பமோ எண்டு கேள் எண்டார். நான் கேட்டன். அந்தப் பிள்ளை என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு, 'அக்கா, நீங்கள் இருக்கிற இடத்தில எங்களையும் விட்டால் காணும் எண்டு சொல்லுங்கோ' எண்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இவைக்கு நகரத்தில சொந்தக்காரர் இருக்கினம், அங்க போகத்தான் விருப்பமாம் எண்டு சொல்லிப்போட்டன்."

"சொந்தக்காரங்க இருந்தாங்களா?"

"ஒருத்தரும் இல்லை. பெரிய காம்ப் ஒண்டுக்குத்தான் கொண்டு போனவை. அவவிட்ட நான், 'எவ்வளவோ கேட்டுப் பாத்தன், ஏலாதாம்' எண்டு சொன்னன். பஸ்ஸில ஏறேக்க திரும்பி வந்து எனக்கு நன்றி சொல்லிப்போட்டுப் போனா, தங்கச்சி."

"இப்ப எங்க இருக்காங்க?"

"தெரியாது. தேடேல்ல. இதை என்ர மனுசனுக்குக்கூடச் சொன்னதில்லை."

அவர் அழுதார். ஓசையில்லாமல், தோள் மட்டும் குலுங்க. அப்பா போனபோது நான் அழுத மூன்று நாளும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர். நான் அவர் தோளைத் தொடவில்லை. தொட வேண்டும் என்று கையில் ஒரு பரபரப்பு இருந்தது. அதை அடக்கிக்கொண்டேன். மகளைக் கூப்பிட்டேன், காருக்குப் போனேன். பிஸ்கட்டை மகள் தின்றுவிட்டாள், அதை மட்டும் தடுக்க முடியவில்லை.

எனக்குப் பக்கத்து ஊரான மில்பிடாஸில் ஒரு டேகேரில் வேலை கிடைத்தது. அக்காவோடு பேச்சு நின்றது. கடையில் தூரத்தில் ஸ்வெட்டரைப் பார்த்தால் வேறு வரிசைக்குப் போய்விடுவேன். பொங்கல் விழாக்களில் அவர் தென்படவில்லை. யாராவது ஜெர்மனி என்று சொன்னால் பேச்சை மாற்றிவிடுவேன். ஏமாந்தது கூடப் பெரிதில்லை. அந்தக் கடிதம் வந்த வாரம் என் தலையைத் தடவிக் கொடுத்த கை மட்டும் மறக்கவில்லை.

2009-இல் ஊரெங்கும் வேலை போனது. வேலை போன பெற்றோர்கள் பிள்ளைகளை வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். அக்காவின் டேகேர் மூடப்பட்டது. ஏப்ரலில் ஒருநாள் மத்தியானம் அவரிடமிருந்து போன்.

"தங்கச்சி, உம்மட இடத்தில ஆள் எடுக்கினம் எண்டு கேள்விப்பட்டன்."

நான் போனோடு எழுந்து வெளியே வந்தேன்.

"நீர் ஒரு சொல்லுச் சொன்னால் காணும். சொல்லாட்டிலும் நான் கோவிக்க மாட்டன்."

"ஒண்ணும் சொல்லாத," என்றார் என் கணவர் அன்று இரவு. "எதுக்கு நீ சொல்லணும்? உனக்குச் செஞ்சது போதாதா?" அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் பூங்காவில் அக்கா சொன்னதை நான் அவரிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை. தன் கணவருக்கும் சொல்லாத ஒன்றை என்னிடம் சொன்னாரே; அதைச் சொல்ல முடிந்தவர் இனி யாருக்கும் அப்படிச் செய்யமாட்டார் என்று எங்கோ ஒரு மூலையில் நம்பிக்கை வைத்திருந்தேன். மறுநாள் எங்கள் டைரக்டரிடம் போய், குழந்தைகள் விஷயத்தில் இவரைப் போல ஒருவரை நான் பார்த்ததில்லை என்றேன். அது உண்மை.

நேர்காணலுக்கு அக்கா புதன்கிழமை வந்தார். கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். முடி நன்றாக நரைத்திருந்தது. டைரக்டர் தைவான்காரப் பெண்மணி, லேசில் சிரிக்காதவர். ஒரு மணி நேரம் உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது.

மத்தியானம் குழந்தைகள் பாயில் தூங்கிக்கொண்டிருந்தபோது டைரக்டர் என் அறைக்கு வந்து பக்கத்தில் குந்தினார். கண் கொஞ்சம் சிவந்திருந்தது.

"எப்படிப்பட்ட மனுஷி!" என்று கிசுகிசுத்தார். "அந்தக் கிராமத்தைப் பத்திச் சொன்னாங்க. நீ கேட்டிருக்கியா?"

"கேட்டிருக்கேன்."

"அந்த அகதிக் குடும்பம் பத்தி? சின்னப் பொண்ணு, ரெண்டு குழந்தைங்க, மொழி தெரியாது. இவங்கதான் மொழிபெயர்ப்பாளராப் போய், ஊர்த் தலைவர்கிட்ட எடுத்துச் சொல்லி, அவங்களைச் சொந்தக்காரங்க கிட்டயே சேர்த்து வச்சிருக்காங்க. பஸ் ஏறும்போது அந்தப் பொண்ணு திரும்பி வந்து நன்றி சொன்னாளாம். எனக்கு அழுகையே வந்திடுச்சு."

ஒரு குழந்தை புரண்டு முனகியது. நான் அதன் முதுகில் தட்டினேன்.

"எடுத்துக்கலாம், இல்ல?" என்றார். என் பதிலுக்காகக் காத்திருந்தார். அந்த ஒரு நிமிடத்தில் நான் என்ன சொன்னாலும் அவர் நம்பியிருப்பார்.

"எடுத்துக்கோங்க. குழந்தைங்களுக்கு ரொம்ப நல்லவங்க," என்றேன். "ஆனா தனி வகுப்பு குடுங்க. கூட எங்க ஊர்க்காரங்க யாரையும் போடாதீங்க, என்னையும் சேர்த்து."

"ஏன்?"

"அப்பதான் நல்லா வேலை செய்வாங்க."